ஒஸ்லோவில் டச்சு படிப்பித்த ஒன்பது வருடம்

ஒஸ்லோவில் தமிழருக்கு டச்சு படிப்பிப்பது மீன்சந்தைக்கு நடுவில் சைவக்கடை போடுவதைப் போன்ற தொழில். ஆள் வரும், ஆனால் தவறித்தான் வரும்.

நோர்வேயில் இருப்பவனுக்கு நோர்வேஜிய மொழி வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று சனிக்கிழமைகளில் பனிக்குள்ளால் அவர்களை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதற்கிடையில் ஹொலண்ட்காரனின் மொழி யாருக்கு, என்னத்துக்கு? என் அண்ணர் இதை முகத்துக்கு நேரேயே கேட்டார். அப்போது நான் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் குறொன்லாண்ட் என்கிற பகுதியில் ஒரு மரக்கறிக் கடையின் மேல்மாடி அறையில் டச்சு வகுப்பு நடத்தினேன். கீழே கடையிலிருந்து கருவாட்டு மணம் வரும். அதைப் பொறுத்துக்கொண்டு படித்தவர்களை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

உண்மையான காரணத்தை உங்களிடம் சொல்வதற்கென்ன. ஹொலண்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் நான். அங்கேதான் கல்யாணம் கட்டினேன், அங்கேயே அது முறிந்தது. பிழை இரண்டு பக்கமும் இருந்தது. எட்டு வயது மகள் ஆரணி தாயோடு உட்ரெக்ட் நகரில் நிற்க, கையில் வேலையும் மனதில் தெம்பும் இல்லாமல் நான் அண்ணர் இருக்கிற ஒஸ்லோவுக்கு வந்தேன். ஆறு மாதத்தில் திரும்பி வருவேன் என்று அவளுக்குச் சொன்னேன். அந்த ஆறு மாதம் பத்து வருடமாக இழுபட்டது. வருடத்தில் ஒருதரம் போய் ஒரு சனி ஞாயிறு பார்த்துவிட்டு வருவேன். மற்றபடி ஞாயிறு ஐந்து மணிக்கு ரெலிபோன்.

ஆரணிக்குத் தமிழ் மெல்ல மெல்லக் கரைந்து, வீட்டுக்குள்ளும் வெளியிலும் டச்சு என்றாகிவிட்டது. எனக்கோ நோர்வேஜியம் நாக்கில் ஏற ஏற டச்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் ரெலிபோனைத் தூக்கினால் மகளோடு கதைக்க என்னிடம் மொழியே இருக்காது என்று பயந்தேன். அந்தப் பயத்தில் திறந்ததுதான் வகுப்பு. மாணவர்களுக்குச் சொன்ன காரணம் வேறு. பிறத்தி மொழியில் வாயைத் திறந்து, பாதி வழியில் வினைச்சொல்லைக் காணாமல் முழி பிதுங்கிய அன்பர்களே, நீங்கள் எல்லாரும் என் சொந்தக்காரர். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மீன் எங்கே போகும்?

முதல் வகுப்புக்கு வந்தவர்கள் இருவர். சிவநேசன் பூ மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் வேலை செய்பவன். பூவெல்லாம் ஹொலண்டிலிருந்து லொறியில் வருவதால் அந்த மொழி வேண்டும் என்றான். மாலினி அக்கா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவர். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "முதல் படிப்பியுங்கோ, பிறகு சொல்லுறன்" என்றார்.

நோர்வேகாரன் வினைச்சொல்லை முன்னுக்கே போட்டுவிட்டு மற்றதெல்லாவற்றையும் பின்னால் கொட்டுவான். டச்சுக்காரன் வினையில் ஒரு துண்டை முன்னுக்குக் காட்டிவிட்டு, மிச்சத்தை எங்களைப் போலக் கடைசிவரை பொத்தி வைத்திருப்பான். நடுவில் யார் எங்கே நிற்பது என்பதில்தான் சூட்சுமம். "நான் நேற்று ஒரு மீன் வாங்கினனான்" என்றால், மீன் புதுச்செய்தி; வினைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் நாங்கள் ஏற்கெனவே கதைத்துக்கொண்டிருக்கிற மீன் என்றால், "அந்த மீனை நேற்று வாங்கினனான்" என்று நேற்றையும் தாண்டி முன்னுக்கு வந்துவிடும். தெரிந்தது முன்னுக்கு, புதியது வினையண்டை. கேட்கிறவருக்கு என்ன தெரியும் என்று யோசியாமல் ஒரு மீனைக்கூட ஒழுங்காக வைக்க முடியாது. இதைக் கரும்பலகையில் மீன் கீறி, அம்புக்குறி போட்டு ஒரு மணித்தியாலம் விளக்கினேன்.

எல்லாவற்றையும் கவனமாகக் கொப்பியில் எழுதி முடித்த சிவநேசன் பேனையை மூடிவிட்டுச் சொன்னான்: "மாஸ்ரர், இது எங்கடை வீட்டிலை அம்மா கதைக்கிற ஒழுங்குதானே. இதுக்கு ஏன் மீனைப் போட்டு இந்தப் பாடு படுத்தினீங்கள்?"

செத்த பூக்கள்

மூன்றாம் மாதம் சிவநேசனை நம்பி முதலாளி ரெலிபோனைக் கையில் கொடுத்தார். ஹொலண்டில் பூ அனுப்புகிற கந்தோரில் ஒருவர் எடுத்தார். இவன் வணக்கம்கூடச் சொல்லாமல், "ரோசா செத்துப்போச்சு" என்றான். வசனம் நூற்றுக்கு நூறு சரி. அந்த மனிதர் மிகவும் மரியாதையாக, தான் ஆழ்ந்த அனுதாபம் தெரிவிப்பதாகவும், ரோசா என்பது யார் என்று அறியலாமா என்றும் கேட்டாராம்.

வகுப்பில் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். யார் கதைக்கிறது, எந்த லொறி, எந்தப் பெட்டி என்று அந்த ஆளுக்குத் தெரிந்ததில் தொடங்கி, பிறகல்லவா செத்ததற்கு வரவேண்டும் என்றேன். சிவநேசன் சொன்னால் கேட்கிற பிள்ளை. அளவுக்கு மிஞ்சிக் கேட்கிற பிள்ளை. அடுத்த முறை தன் பெயர், கிடங்கின் பெயர், ஒஸ்லோ நோர்வேயில் இருக்கிறது, நோர்வேயில் இப்போது குளிர், நீங்கள் பூ விற்கிறவர்கள், நாங்கள் வாங்குகிறவர்கள், போன செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒரு லொறி அனுப்பினீர்கள், அது நீலநிற லொறி என்று தெரிந்ததையெல்லாம் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறான். நாலு நிமிடத்துக்குப் பிறகு அந்த மனிதர் குறுக்கிட்டாராம்: "சிவா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும். இண்டைக்கு எது செத்தது எண்டு மட்டும் சொல்லு."

சனா யார்?

ஊருக்கு உபதேசம் செய்கிறவனின் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். ஆரணிக்குப் பதினொரு வயது நடந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல செய்தியோடு ரெலிபோன் எடுத்தேன். தே-பானா என்கிற ஒஸ்லோ நகர ரயில் காட்டோரத்தில் நின்றுபோனது, என்னவென்று எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தில் மாடு அளவு பெரிய காட்டுமான் ஒன்று நின்றது. ஒரு கிழமையாக அதை டச்சில் வசனமாக்கி, மானை எங்கே வைப்பது என்று யோசித்து, நன்றாகத் தீட்டி வைத்திருந்தேன். அவள் "ஓ" என்றாள். அவள் அந்தக் காட்டையும் கண்டதில்லை, அந்த ரயிலையும் கண்டதில்லை. பிறகு அவள், சனாவின் முயல் செத்துப்போனதென்றும், தோட்டத்தில் தாட்டார்களென்றும், தான் ஒரு பாட்டுப் பாடினதாகவும் சொன்னாள். அழுகிற குரல். எனக்குச் சனாவும் தெரியாது, முயலும் தெரியாது. தெரிந்தவனைப் போல "ஐயோ பாவம், சனாவின் அப்பாவும் அழுதிருப்பாரே" என்று ஒரு போடு போட்டேன்.

சனாவுக்கு அப்பா இல்லையாம். அவர் இல்லாதபடியால்தான் இருவரும் சிநேகிதமானார்களாம். ஆரணி கோபிக்கவில்லை; கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். பெரிய மனுஷி போல மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, மூண்டு வருசமா நான் சனாவோடைதான் இருக்கிறன். அது உங்களுக்குத் தெரியாதெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

அன்றைக்கு ஒரு கொப்பி வாங்கினேன். சனா, முயல், சயிக்கிள் களவு போன நாள், கணக்கு ரீச்சரின் பெயர், பிடிக்காத கறி என்று ஆரணி வாயில் வருகிற எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினேன். ஞாயிறு காலையில் பரீட்சைக்குப் போகிறவனைப் போலப் பாடமாக்குவேன். அவளுக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்திருந்தால்தானே அதற்கு மேலே ஒரு வசனம் வைக்கலாம். மற்ற அப்பாமார் ஒரே வீட்டில் இருந்து சும்மா பெறுகிறதை நான் கொப்பியில் எழுதிப் பெற்றேன். அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தவர்

மாலினி அக்கா டச்சு படிக்க வந்த காரணம் ஒரு வருடத்துக்குப் பிறகு தெரியவந்தது. அவருடைய முதியோர் இல்லத்தில் ஒரு ஹொலண்ட் அம்மையார் இருந்தார். இளம் வயதில் ஒரு நோர்வே மாலுமியைக் கட்டி இங்கே வந்தவர். அறுபது வருடம் நல்ல நோர்வேஜியம் கதைத்தவர். வயதுபோய் நினைவு தப்பத் தொடங்கியதும், பிந்தி வந்த மொழி முந்திப் போய்விட்டது. இப்போது அவரிடம் டச்சு மட்டும்தான் மிச்சம். அந்த இல்லத்தில் ஒருவருக்கும் அது விளங்காது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்று மணிக்குக் கோட்டைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, வாசல் கதிரையில் இருப்பார். தன்னைக் கூட்டிக்கொண்டு போக அம்மா வருவாராம்.

"மாஸ்ரர், அவவுக்குச் சொல்ல ஒரு வசனம் தாங்கோ" என்று அக்கா கேட்டார். நான் படித்தவன் அல்லவா? 'உங்கள் அம்மா இன்றைக்கு வரமாட்டார்' என்பதை அழகான டச்சில் எழுதிக் கொடுத்தேன். வரமாட்டார் என்ற சேதி கடைசியில், எல்லாப் பாரமும் அதன் தலையில். அடுத்த சனிக்கிழமை அக்கா கொப்பியை மேசையில் அடித்து வைத்தார். அம்மையார் பொழுதுபடும்வரை அழுதாராம், சூப்பைத் தொடவில்லையாம். "உங்கடை இலக்கணத்திலை பிழையில்லை. மனிசிதான் உடைஞ்சுபோச்சு" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூவரும் இருந்து யோசித்தோம். அந்த அம்மையாருக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன? அம்மா வருவார். அது அவர் மனதில் முடிந்த விஷயம். அதோடு மல்லுக்கட்டாதே, முன்னுக்கு வைத்துவிட்டு அப்பால் போ. புதியதைக் கடைசியில் கொடு. அப்படித்தான் 'அம்மா வருமட்டும் நாங்கள் இருவரும் கோப்பி குடிப்போம்' என்ற வசனம் வந்தது. பொய் சொல்லச் சொல்கிறோமா என்று சிவநேசன் தயங்கினான். "அம்மா வருவா எண்டு நான் எங்கை சொன்னன்? அது அவ சொன்னது. நான் கோப்பியைத்தான் சொல்லுறன்" என்றார் அக்கா.

அந்த வசனத்தைக் கேட்ட அம்மையார் அக்காவை நீண்ட நேரம் பார்த்தாராம். பிறகு கோட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னாராம்: "அப்ப ரெண்டு பிஸ்கற் கொண்டு வா, ஒண்டு அம்மாவுக்கு."

அக்கா இதைச் சொன்னபோது நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் யாராவது அப்படி ஒரு வசனம் சொல்லக்கூடாதா என்று ஏங்கினேன். மகள் வருமட்டும் இதைச் செய், மகள் வருமட்டும் அதைச் செய் என்று. வருவாளா என்று நான் கேட்கத் தேவையில்லாத ஒரு வசனம்.

கொப்பியைப் பார்த்த தர்சினி

வருடங்கள் போய் வகுப்பில் ஆறு பேரானார்கள். கடைசியாக வந்தவள் தர்சினி. ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, ரொட்டர்டாமில் இருக்கிற பையனுக்கு நிச்சயமாகியிருந்தது. வாயைத் திறந்தால் தமிழில் தொடங்கி நோர்வேஜியத்தில் முடிப்பாள். டச்சைக் கொடுத்தால் அதையும் நோர்வே வண்டியில் ஏற்றிவிடுவாள். வினையைக் கடைசிவரை வைத்திருக்கப் பொறுமை கிடையாது. "மாஸ்ரர், மற்ற ஆள் கடைசிவரைக்கும் காத்திருக்கோணும், அது கொஞ்சம் ஸ்லெம் தானே" என்பாள். நோர்வேஜியத்தில் ஸ்லெம் என்றால் கொடுமை என்று அர்த்தம்.

ஒருநாள் வெள்ளனவே வந்தவள் மேசையில் கிடந்த கொப்பியை வகுப்புக் கொப்பி என்று நினைத்துத் திறந்துவிட்டாள். அதற்குள் அது ஐந்தாவது கொப்பி. ஆரணியின் சிநேகிதிகள், பரீட்சைகள், வாங்கிய சப்பாத்தின் நிறம் எல்லாம் திகதி வாரியாக. பக்கத்துக்குப் பக்கம் அடுத்த ஞாயிறு கேட்க வேண்டிய கேள்விகள். நான் அறைக்குள் வந்தபோது அவள் கொப்பியை மூடி வைத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தாள். ஏச வாயெடுத்தேன், வரவில்லை. யார் அது என்று கேட்டாள். சொன்னேன். அந்த அறையில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான் முதல்தரம்.

தர்சினி கொப்பியை என் பக்கம் தள்ளினாள். "எங்கடை அப்பாவுக்கு ரெண்டு வேலை. வீட்டை வந்தா 'படிச்சியோ, சாப்பிட்டியோ' ரெண்டே ரெண்டு கேள்விதான். அவர் எங்கை வேலை செய்யிறவர் எண்டுகூட எனக்குப் பதினாறு வயசிலைதான் தெரியும்" என்றாள். "கோவிக்காதேங்கோ மாஸ்ரர். இது வேலைக்கு எடுக்கிற இன்டர்வியூ மாதிரிக் கிடக்கு. ஆரணியைப் பற்றி உங்களுக்கு எல்லாம் தெரியும். உங்களைப் பற்றி ஆரணிக்கு என்ன தெரியும்?"

ஆரணி கேட்ட கேள்வி

தர்சினி கேட்டது ஒரு கிழமை முழுக்கத் தபாலோடு தபாலாக என் கையில் வந்துகொண்டிருந்தது. ஞாயிறு ஐந்து மணிக்குக் கொப்பியைத் திறக்காமல் ரெலிபோன் எடுத்தேன். ஆரணிக்கு அப்போது பதினேழு. வழக்கமாக ஏழு நிமிடத்தில் முடிகிற கதை. "பரீட்சை எப்படி" என்று நான் கேட்கப்போவதாக நினைத்து அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள் போலும், "நல்லம்" என்றாள் நான் கேட்பதற்கு முன்பே.

"நான் இஞ்சை டச்சு படிப்பிக்கிறன்" என்றேன். சிரிப்பு. நீண்ட, நிற்காத சிரிப்பு. என் டச்சைக் கேட்டு அவள் சிறுவயதிலும் அப்படித்தான் சிரிப்பாள். "நீங்களோ? ஆருக்கு?" என்றாள். சிவநேசனின் செத்த ரோசாவைச் சொன்னேன். கோப்பி வசனத்தைச் சொன்னேன். கருவாட்டு மணத்தைச் சொன்னேன். அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். கேள்வி முழுக்க அவள் பக்கமிருந்து வந்தது அதுவே முதல்தரம். கடைசியாக, அண்ணர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். ஒஸ்லோவில் டச்சு என்னத்துக்கு?

"உன்னோடை கதைக்கிறதுக்கு எனக்கு மறந்துபோகக் கூடாதெண்டு" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு சொன்னாள்: "ஒக்டோபரிலை எனக்குப் பள்ளிக்கூட லீவு. அந்த வகுப்பை நான் ஒருக்கா வந்து பார்க்கலாமோ?"

வீட்டில் இருந்த ஒரே நல்ல தலையணையை அன்றைக்கே தோய்த்தேன். ஒக்டோபருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. இதை மாலினி அக்காவிடம் சொன்னபோது அவர், "தோய்ச்சது நல்லது. இனி அதிலை நீங்கள் படுக்காதேங்கோ" என்றார்.

வாழ்த்துச் சுற்று

ஆரணி வந்த சனிக்கிழமை அவளுடைய பதினெட்டாவது பிறந்தநாள். ஹொலண்டில் எப்படிக் கொண்டாடுவார்கள் என்று மாணவர்கள் முந்தின கிழமையே கேட்டார்கள். கதிரைகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் சுற்றிவர இருப்பார்கள் என்றேன். அதோடு அங்கே ஒரு வழக்கம் உண்டு: பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்துவதில்லை. தாய்க்கு, தகப்பனுக்கு, சகோதரத்துக்கு எல்லாம் கை கொடுத்து, 'உங்கள் மகளுக்காக வாழ்த்து', 'உங்கள் தங்கைக்காக வாழ்த்து' என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்ன நேரம் நான் மாணவர்களின் குணத்தை மறந்துவிட்டேன்.

விமான நிலையத்தில் அவள் என் உயரத்துக்கு நின்றாள். ரயிலில் வந்த இருபது நிமிடமும் நாங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். மாடிப்படி ஏறும்போது, இரண்டு நாள் கதைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கதவைத் திறந்தால் வட்டமாகக் கதிரைகள். சிவநேசன் கை நிறையப் பூவோடு நின்றான், எல்லாம் உயிருள்ளவை. முதலில் ஆரணியை வாழ்த்தினார்கள். பிறகு பெரியப்பா என்ற முறையில் வந்திருந்த அண்ணரை வாழ்த்தினார்கள். பிறகு சிவநேசன் தர்சினியை வாழ்த்தினான், தர்சினி மாலினி அக்காவை வாழ்த்தினாள். மேலே ஏன் இவ்வளவு சத்தம் என்று பார்க்க வந்த மரக்கறிக் கடைப் பாகிஸ்தான்காரருக்கு ஆறு பேரும் தனித்தனியாகக் கை கொடுத்து, 'மகளுக்காக வாழ்த்து' என்றார்கள். மனிதர் ஒன்றும் விளங்காமல், ஆனால் மிகுந்த சந்தோஷத்தோடு, ஆறு தரமும் நன்றி சொன்னார். ஆரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியாக என்னிடம் வந்தார்கள். ஒவ்வொருவராக. "உங்கள் மகளுக்காக வாழ்த்து, மாஸ்ரர்." இவ்வளவு காலமும் ஒஸ்லோவில் என் மகள் ஒரு ரெலிபோன் சத்தமும் ஐந்தாறு கொப்பியும்தான். வேலையிடத்தில் பாதிப் பேருக்கு எனக்குப் பிள்ளை இருக்கிறதே தெரியாது. இப்போது ஆறு பேர் என் கையைப் பிடித்து 'உங்கள் மகள்' என்று சொல்ல, அவள் பக்கத்திலேயே நின்றாள். நான் கண்ணைத் துடைத்தேன், மறைக்கவில்லை.

கேக் வெட்டி ஊட்டி முடிந்து எல்லாரும் வட்டத்தில் இருந்தபோது மாலினி அக்கா வாத்தியாரான என்னை வைத்துக்கொண்டே கேட்டார்: "எப்பிடிப் பிள்ளை எங்கடை டச்சு?" ஹொலண்டில் வளர்ந்த பிள்ளைக்கு முகத்துக்காகக் கதைக்கத் தெரியாது. கூடாது என்றாள். நீங்கள் எல்லாரும் வசனத்தின் கடைசியில் குரலை மேலே தூக்குகிறீர்கள், சும்மா சொல்வதையும் கேள்வி கேட்கிற மாதிரிச் சொல்கிறீர்கள், ஹொலண்டில் ஒருவரும் அப்படிக் கதைப்பதில்லை என்றாள். சிவநேசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆரணி இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். கையில் இருந்த கேக் தட்டைக் கீழே வைத்தாள். அவள் டச்சில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "இஞ்சை ஆறு பேர் எங்கடை அப்பா மாதிரிக் கதைக்கினம். அங்கை எனக்கு அப்பிடிக் கதைக்க ஒருத்தரும் இல்லை."

ஒன்பது வருடம் படிப்பித்தும் ஒருவருக்குக்கூட ஒழுங்கான டச்சு வரவில்லை. ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைத்ததாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.